வறுமையை வென்ற காசி

காசி ஏழை என்பது ஆம்பூரில் தெருநாய்க்குக்கூடத் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. அதைத் தெரிவிக்கலாம் என்று புறப்பட்டான். அவனைப் பிடித்த சனி அதுதான்.

முப்பது வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலை இழுத்துப் போடுகிறவன் அவன். நகமெல்லாம் வெந்து, உள்ளங்கை பழைய சாக்கு மாதிரி ஆகிவிட்ட கை. யாரும் அந்தக் கையைக் குலுக்கக் கேட்டதில்லை. தான் ஏழை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியிருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

அவன் பெண்சாதி ரங்கம்மாள் ஷூ கம்பெனியில் பசை தடவுகிறவள். பிள்ளைகுட்டி இல்லை. ஒருநாள் மேசையிலேயே மயங்கி விழுந்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, நாற்பது நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு பைசா ஆகாதாம். இல்லையென்றால் எவ்வளவு என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டான். அவள் சொன்னாள்.

"இன்னாம்மா, போன் நம்பர் சொல்ற மாதிரி சொல்றே?" என்றான் காசி.

அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். அதாவது, இவன் ஏழைதான் என்று ஒரு தாள். அதைக் கொடுக்கும் இடம் சத்துவாச்சாரியில் இருந்தது. பெயர், நலிந்தோர் தகுதி நிர்ணய அலுவலகம். நடக்க முடியாதவர்களுக்காக வாசலில் ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். அது வீணாகப் போகக்கூடாது என்று அதிகாரியின் காரை அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள்.

நேர்காணலுக்குப் புறப்பட்ட அன்று காலையில் ரங்கம்மாள் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, அவனுடைய ஷூவைத் துடைத்து மெருகு போட்டுக் கொடுத்தாள்.

"ஆபீசருங்க இருக்கிற எடம்யா. கால்ல ஒழுங்கா போட்டுகினு போ. மதிச்சாத்தான் நம்மளையும் மதிப்பாங்க."

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதவன் காலிலும் ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போகவேண்டிய ஷூ இருக்கும். கப்பலேறாமல் கழித்துப் போட்டதை பஜாரில் குவித்து விற்பார்கள். ஜோடி சேராததை இன்னும் கம்மி விலைக்குத் தருவார்கள். காசியின் இடதுகால் ஷூ அளவு நாற்பத்தொன்று, வலதுகால் நாற்பத்திரண்டு. ஒன்று காப்பிக்கொட்டை நிறம். மற்றது கருப்பட்டி நிறம். வலது கால் நடக்கும்போது இடது கால் கொஞ்சம் நெரிபடும். மற்றபடி ராஜ நடைதான்.

தகுதி நிர்ணய அலுவலர் இளம்பரிதி, காசியின் மனுவைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். செல்போனை எடுத்து ஷூவைப் படம் பிடித்து ஏதோ தேடினார்.

"இத்தாலி கம்பெனி. ஜோடி பதினாறாயிரம் ரூபாய். என்னுதே ஆயிரத்தி இருநூறுதான், காசி."

"சார், இது ரிஜெட்டு சார். பாருங்க, கலரே வேற வேற."

சொன்னதோடு நிற்காமல் வலது ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தான், அடியில் போட்டிருக்கும் அளவைக் காட்டுவதற்காக. ஆம்பூரில் பிறந்தவனுக்கு அது ஒரு சரக்கு. மேசைமேல் வைத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, தையலை நகத்தால் சுரண்டிப் பார்க்கிற பொருள். கம்பெனியில் முதலாளி மேசைமேலேயே நாள் பூராவும் ஷூதான் இருக்கும். ஆனால் இங்கே அது ஃபைலின் மேல், ஃபைலில் இருந்த அரசு முத்திரையின் மேல் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த பியூன் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டான்.

இளம்பரிதி கோபப்படவில்லை. கோபப்படாத அதிகாரி என்று பெயர் வாங்கியவர் அவர். பச்சை மைப் பேனாவைத் திறந்து, எழுதுவதை வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார்.

"மனுதாரர் இத்தாலியக் காலணி அணிந்து வந்தார். அதை அதிகாரியின் மேசைமேல் வைத்தார். இவ்வளவு துணிச்சல் பின்புலம் இல்லாதவருக்கு வராது. ஆகவே செல்வாக்குள்ளவர்."

பேனாவை மூடிவிட்டு, பக்கத்து நாற்காலிகளில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"ஏழ்மைங்கறது ஒரு தகுதி. அதைக் கண்டவனுக்கும் தூக்கிக் கொடுத்துட முடியாது. நான் பதினோரு வருஷமா இதை ஆராய்ச்சி பண்றேன். உண்மையான ஏழை எவனும் இந்த ஆபீசுக்கு வரமாட்டான். ஏன்னா அவன்கிட்ட பஸ்ஸுக்குக் காசு இருக்காது. அப்ப வர்றவன் யாரு? யோசிச்சுப் பாருங்க. அந்த உண்மையான ஏழை எப்ப வருவான், எப்ப கொடுக்கலாம்னுதான் நானும் இந்தப் பேனாவோட உட்கார்ந்திருக்கேன். ஒருத்தனும் வரலை."

காசி யோசித்துப் பார்த்தான். ஆம்பூரிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

கடைசியில் இளம்பரிதி இரக்கப்பட்டார். ஷூ ரிஜெக்ட் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம் என்றார்.

ரங்கம்மாளின் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் தன்சீல் அகமது. நல்ல மனுஷன். ஷூவைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம மால்தான் காசி. ரிஜெட்டுதான். கண்ண மூடிகினு சொல்வேன். ஆனா எழுதித் தர முடியாதுப்பா. கேட்டுல போர்டு பாத்தியா? 'குறை என்பதே இல்லை'ன்னு எட்டடிக்கு எழுதி வெச்சிருக்குது. நான் ரிஜெட்டுன்னு எழுதினா ஃபாரின் பார்ட்டி ஓடிப்போய்டுவான். அப்புறம் நானும் உன் கூட ஏழை ஆபீஸ்லதான் லைன்ல நிக்கணும்."

"அங்க டோக்கன் போடவே எட்டு நாளு ஆவுது சார். ஏதாவது எழுதிக் குடுங்க. ரங்கம்மாவுக்கு டைம் இல்ல."

தன்சீல் அகமது ஏதோ எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில், கம்பெனி முத்திரை போட்டு, பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. காசி அதை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். இளம்பரிதி படித்துத் தமிழில் சொன்னார். "மேற்படி காலணி உலகத் தரம் வாய்ந்தது. எவ்விதக் குறையும் அற்றது. அணிபவரின் அந்தஸ்தை உயர்த்துவது."

அதையும் ஃபைலில் சேர்த்தார்கள்.

இருபத்தொரு நாள் ஓடிப்போயிருந்தது. ரங்கம்மாளால் படுத்தால் மூச்சுவிட முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கினாள். அந்த வாரம்தான் கள ஆய்வு வந்தது.

கள ஆய்வாளர் தீனதயாளன் இரண்டு உதவியாளர்களோடு ஜீப்பில் வந்தார். கையில் நாற்பத்தேழு கேள்வி கொண்ட படிவம். முகத்துக்கு அதில் கட்டம் இல்லை. அதனால் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாமான்களைப் பார்த்தார்.

"டிவி ஒண்ணு. மிக்சி ஒண்ணு. கிரைண்டர் ஒண்ணு. ஃபேன் ஒண்ணு."

"சார், இதெல்லாம் கவர்மெண்ட் குடுத்தது சார். பாருங்க, மேலயே எழுதியிருக்குது. டிவி ஓடி ஆறு வருஷம் ஆவுது."

"யார் கொடுத்தா என்ன? வீட்ல இருக்கா, இல்லையா?"

"இருக்குது."

"அவ்வளவுதான் கேள்வி."

பக்கத்து வீட்டு சுகரா பேகம் வாசலில் வந்து நின்றாள். ரங்கம்மாளோடு ஒரே மேசையில் பசை தடவுகிறவள். வாயும் பசை மாதிரிதான். பிடித்தால் விடாது.

"ஏன் சாப், குடுக்கறப்போ ஏழைன்னுதானே குடுத்தீங்க? குடுத்துட்டு, இதெல்லாம் வெச்சிருக்கியே, நீ எப்டி ஏழைன்னு கேக்கறீங்க. இது இன்னா கூத்து?"

"திட்டம் வெற்றி பெற்றிருக்குன்னு அர்த்தம்மா," என்றார் தீனதயாளன். அடுத்த கேள்விக்குப் போனார். "மனைவி வேலைக்குப் போறாங்களா?"

"போவ முடியலியே சார். அதோ உக்காந்துகினு இருக்காளே."

அவர் நிமிராமலேயே எழுதினார். பகல் நேரத்தில் ஓய்வெடுக்கும் வசதி உள்ளது.

"நோய் இருக்கா?"

"வால்வு சார். நெஞ்சு வால்வு."

"நோய்க்கு இதுல கட்டம் இல்ல. அது வேற துறை."

மணி ஒன்றரை ஆயிற்று. தீனதயாளன் படிவத்தை மூடிவிட்டு, காற்றில் எதையோ முகர்கிறவர் போல மூக்கைத் தூக்கினார். ஆம்பூர் வரைக்கும் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பினால் வீட்டில் சிரிப்பார்கள் என்று ஒரு உதவியாளர் பொதுவாகச் சொன்னார். காசிக்குப் புரிந்தது. சுகரா பேகம் தன் சீட்டுப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். மூன்று மட்டன் பிரியாணி வந்தது. தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வரவில்லை என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்களே தவிர, எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு தீனதயாளன் நாற்பத்தேழாவது கட்டத்தை நிரப்பினார்.

பத்து நாளில் அறிக்கை தபாலில் வந்தது. காசி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். கடைசி வரிக்கு வர அரைமணி நேரம் ஆனது. "மனுதாரர் கள ஆய்வுக் குழுவினர் மூவருக்கும் மட்டன் பிரியாணி வாங்கித் தரும் அளவுக்கு வசதி படைத்தவர். வறுமைக் கோட்டைத் தாண்டிவிட்டார்."

"எந்த எடத்துல தாண்டினேய்யா?" என்று கேட்டாள் ரங்கம்மாள். சிரிக்கப் போய் இருமல் வந்து, நீலம் பாரித்த உதட்டைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அன்றைக்கே காட்பாடியில் விழாவாம். உங்களுக்கு வழங்க ஏற்பாடாகியிருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள், அந்த ஷூவையே போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அட்டைதான் வந்துவிட்டது என்று காசி நினைத்தான். வேறு எதை வழங்கப்போகிறார்கள்? ஆட்டோவில் ரங்கம்மாளை இருத்தி, சுகரா பேகத்தைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

கல்யாண மண்டப வாசலில் இருபதடி உயரத்துக்குத் தன் முகத்தையே பார்த்தான். விண்ணப்பத்தில் ஒட்டிய படம். கீழே கொட்டை எழுத்தில் "வறுமையை வென்ற மாமனிதர்" என்றிருந்தது.

மேடையில் இளம்பரிதி பேசிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் இந்த வட்டாரத்தில் நாலாயிரம் ஏழைகள் இருந்தார்கள். இந்த வருஷம் தொள்ளாயிரம். மூவாயிரத்து நூறு பேரை வறுமையிலிருந்து மீட்டிருக்கிறோம். எத்தனை கோடி செலவானது என்று கேட்பீர்கள். ஒரு ரூபாய் செலவில்லை! உலகத்தில் எந்த நாடும் செய்யாததை நமது அலுவலகம் ஒரே ஒரு பேனாவால் செய்திருக்கிறது!"

கை தட்டினார்கள். மீட்கப்பட்டவர்களில் பாதிப் பேர் மண்டபத்துக்கு வெளியே மனுவோடு நின்றிருந்ததால், தட்டியதெல்லாம் அலுவலக ஊழியர்கள்தான்.

காசியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். எப்படி வறுமையை வென்றீர்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவன் வாழ்நாளில் மைக்கைப் பிடித்ததில்லை. தோலை இழுக்கிற மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. போன வாரம் தபால்காரர் வர்ற வரிக்கும் ஏழையாத்தான் இருந்தேன். சார் கையெழுத்துப் போட்டாரு, வறுமை போய்ட்ச்சி. அவ்ளோ சக்தி அந்தக் கையெழுத்துக்கு. அதே கையெழுத்த எம் பொஞ்சாதி நெஞ்சுல ஒண்ணு போட்டா, வால்வும் சரியாய்டும். அதோ கூட்டியாந்திருக்கறேன். இன்னும் அஞ்சு நாள்தான் டைம் இருக்குது."

பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் திருப்பினார்கள். சுகரா பேகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ரங்கம்மாள் படி ஏறிக்கொண்டிருந்தாள். ஆறு படிதான். மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சு மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைமை தாங்க வந்திருந்த மேலதிகாரி ஷர்மிளா, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லிடுக்கில் கேட்டார்.

"என்ன இது இளம்பரிதி? கார்டு கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே?"

"முடியாதுங்க மேடம். இவர் வறுமையை வென்றவர். இப்ப கார்டு கொடுத்தா தோத்துட்டார்னு ஆயிடும். பேனர் வேற அடிச்சாச்சு."

பேனர் என்றதும் ஷர்மிளா யோசித்தார். அடித்த பேனரை எந்த அரசாங்கத்தாலும் திரும்பப் பெற முடியாது.

"பேனர்ல யார் பேரு இருக்கு?"

"காசி பேருங்க மேடம்."

"அப்ப வறுமையை வென்றது அவர்தான். அந்தம்மா இன்னும் வெல்லலையே? அவங்களுக்குத் தனியா கொடுக்கலாமே?"

"கணவன் இருக்கறப்போ தனியா கொடுக்க விதி இல்லைங்க மேடம். கணவனால் கைவிடப்பட்டவங்களா இருந்தா கொடுக்கலாம்."

"அப்ப கைவிடச் சொல்லுங்க."

"அஞ்சு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணுங்க."

"முன்தேதி போட்டுக்குங்க," என்றார் ஷர்மிளா. மணி பார்த்தார். அவருக்கு இன்னொரு இடத்தில் இன்னொரு வறுமை ஒழிப்பு இருந்தது.

மேடையின் பின்னால், பூமாலைக் கூடைகளுக்கு நடுவே, இளம்பரிதி காசிக்கு விளக்கினார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஓடிப்போயிட்டீங்க. சரியா? வீட்டுக்குப் போகக்கூடாது. பேசக்கூடாது. ஆஸ்பத்திரியில கணவன்னு சொல்லக்கூடாது. ஆபரேஷன் முடியற வரைக்கும் எங்க ஆளு கண்காணிப்பாரு. ஒருதரம் பார்த்துட்டாக்கூட கார்டு ரத்து. பணத்தைத் திருப்பிக் கட்டணும். மோசடி கேசும் வரும்."

எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்டான் காசி. சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்ததையும் எடுக்கவில்லை.

"முப்பது வருஷமா சண்டை வந்தா போய்த் தொலைய்யான்னு சொல்வேன். போனதில்ல," என்று சுகரா பேகத்திடம் சொன்னாள் ரங்கம்மாள், ஆட்டோவில் ஏறும்போது. "கவர்மெண்ட் சொன்ன ஒடனே போறான் பாரு."

"நீ ஏறு புள்ள. மூச்சு வாங்கப்போவுது."

"நீ எப்டி வருவே?"

"நான்தான் ஓடிப்போய்ட்டேனே. ஓடியே வர்றேன்."

அன்று முதல் ஷாப்பில் உப்புத் தோல் அடுக்கியிருக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மாத்திரையும் பழமும் சுகரா பேகம் கையில் கொடுத்தனுப்பினான். அரசாங்கம் ஒரு காரியத்தில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாம் நாள் அட்டை வந்தது. பெயர் ரங்கம்மாள். பக்கத்தில் அடைப்புக்குள், கைவிடப்பட்டவர்.

நாற்பதாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். சம்மதப் படிவத்தில் சுகரா பேகம் கையெழுத்துப் போட்டாள். காசி வெளிக் கூடத்தில் நாலு நாற்காலி தள்ளி, யாருக்கோ காத்திருக்கும் எவனோ போல உட்கார்ந்திருந்தான். எதிரே, கண்காணிக்க வந்த தீனதயாளன் ஃபைலோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஐந்து மணி நேரத்தில் இரண்டு பொட்டலம் தீர்ந்தது. காசி தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் வந்தாள்.

"ரங்கம்மாள்! ரங்கம்மாள் வீட்டுக்காரர் யாரு?"

காசியின் உடம்பு தானாகவே பாதி எழுந்தது. தீனதயாளன் பேனாவைத் திறந்தார். காசி எழுந்த மாதிரியே குனிந்து, விழாத எதையோ தரையில் தேடினான்.

"ரங்கம்மாளோட ஹஸ்பண்ட் இல்லையா? யாருமே வரலையா?"

"ஓடிப்போய்ட்டான்மா அந்த மனுஷன்," என்று எழுந்தாள் சுகரா பேகம். சொல்லும்போது குரல் இரண்டாக உடைந்தது. "நல்லவன்தான். ஓடிப்போய்ட்டான். என்கிட்ட சொல்லும்மா."

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதும்மா. கண்ணு முழிச்சுட்டாங்க. முழிச்சதும் அவரைத்தான் கேட்டாங்க, சாப்பிட்டாரான்னு."

காசி தரையைத் தேடிக்கொண்டே இருந்தான். தரை கலங்கலாகத் தெரிந்தது.

தீனதயாளன் எழுதி முடித்தார். கணவர் வரவில்லை, நேரில் உறுதி செய்யப்பட்டது. கீழே சாட்சிக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது. முகத்துக்கு இதிலும் கட்டம் இல்லை. சுற்றிலும் பார்த்தார். நாலு நாற்காலி தள்ளி ஒரு ஆள் சும்மாதான் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, நீங்களும் காலையில இருந்து இங்கதானே இருக்கீங்க? அந்தம்மா புருஷன் வரலைன்னு ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

காசி ஃபைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, காசி என்று எழுதினான்.

தீனதயாளன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இனிஷியல் போடலையே," என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.